ஒண்ணு நல்லதா, அஞ்சு நல்லதா? கணியூர் மச்சானுக்கு ஒரு தன்னிலை விளக்கம்

சென்னிமலையான் மேல் பாரத்தைப் போட்டு

ராயபுரம், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்துவந்து கொடுத்த பிறகு

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கலந்த மரியாதைக்குரிய மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயசுதாவைக் கட்டிய மணியன் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கடல் தாண்டி இருக்கிற ஒரு பெரிய துணிக்கம்பெனியின் கம்ப்யூட்டரில் நான் பாலூட்டும் தாய்மார்களில் ஒருத்தியாகப் பதிவாகியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயசில், இந்த மீசையோடு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். நிம்மதியாகச் சிரித்து முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே தாங்களும் அமராவதி அக்காவும், தென்னைகளும், சினையாக இருக்கும் செவலை மாடும் சுகமென்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவீர்கள், நான் சொல்வதைக் கணியூர் கடைவீதி பாதி கேட்கும். அதனால்தான் காகிதம். அதுவும் போக, எங்கள் கம்பெனி மருதாளின் தங்கையை உங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த வழியாக வந்த சேதிக்குக் கையும் காலும் முளைத்திருக்கும். அடுத்த மாதம் சீர் வரிசையோடு நாங்கள் வரும்போது பந்தியில் யாராவது எனக்கு, பால் ஊறப் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற பூண்டுக் குழம்பைக் கூடுதலாக ஊற்றிவிட்டுச் சிரித்தால் என் மானம் போய்விடும். ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலிபாளையத்தில் நான் டைம் ஆபீஸ் பார்க்கிற பனியன் கம்பெனி உங்களுக்குத் தெரியும். எங்களிடம் சரக்கு வாங்குகிற பையர், தொழிலாளிகளின் மனசு எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஒரு ஆன்லைன் சர்வே அனுப்பினார். சாப்பாட்டு ஹாலில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு கட்டம் போட்ட படம் ஒட்டுவார்கள். போனை அதன்முன் காட்டினால் இருபத்து நாலு கேள்வி வரும், பேர் வேண்டாம், ஆணா பெண்ணா, வயசு, எந்தப் பிரிவு என்று மட்டும் போட்டுப் பதில் சொல்லலாம். கேள்வியெல்லாம் தமிழில்தான். ஆனால் அது தமிழ்நாட்டுக்கே வராத யாரோ எழுதின தமிழ். 'தங்கள் மேற்பார்வையாளரின் அணுகுமுறையை அளவுகோலின் அடிப்படையில் மதிப்பிடுக' என்கிற மாதிரி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பரைத் தொட வேண்டும். இதை எல்லாருக்கும் விளக்கிச் சொல்லும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். சர்வே நடத்துவது எப்படி என்று நாலு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் வந்தது. டைம் ஆபீசுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டு டிராயரில் போடுவது என் பதினோரு வருஷப் பழக்கம். அதையும் அப்படியே போட்டேன்.

மைக் கையில் வந்தால் நான் எப்படி ஆவேன் என்று உங்கள் கல்யாணத்திலேயே பார்த்திருக்கிறீர்கள். முந்நூத்திப் பன்னெண்டு பேரும் சாப்பாட்டு ஹாலில் நிற்கிறார்கள். மருதாள்தான் முதலில் கேட்டாள். "ஏனுங்க, இந்த ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கே, எது நல்லதுங்க?" எனக்குத் தெரியாது மச்சான். கண்ணாடி டைம் ஆபீசில் இருந்தது. தெரியாது என்று முந்நூறு பேருக்கு முன்னால் சொல்ல வாய் வருமா? நானும் டைம் ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் பதினாலு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவன். தையல் முடிந்து வருகிற பனியனில் பழுதில்லாதது ஒண்ணாம் தரம், கப்பலேறும். சின்னப் பழுது இருந்தால் ரெண்டாம் தரம், உள்ளூர்க் கடைக்குப் போகும். மூணாம் தரம் எடைக்கு. அஞ்சாம் தரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, இருந்தால் அது மிஷின் துடைக்கத்தான் ஆகும். "இதுகூடத் தெரியாதா? நம்ம செக்கிங் டேபிள் மாதிரிதான். நல்லாருந்தா ஒண்ணு, மட்டமா இருந்தா அஞ்சு!" என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். எல்லாரும் பொழுதெல்லாம் அப்படியே தரம் பிரிக்கிறவர்கள்தானே, சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அரை மணியில் சர்வே முடிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் நான் சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மூணு வாரம் கழித்து மெயில் வந்துதுங்க. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். லைன் சூப்பர்வைசர் முருகேஷைத் தெரியுமல்லவா, மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே தொண்டை மிஷின் மாதிரி ஆன ஆளு? அவருக்கு அஞ்சுக்கு நாலு புள்ளி எட்டு. தொழிலாளிகளின் நெஞ்சில் இடம் பிடித்தவர் என்று சான்றிதழே அனுப்பிவிட்டார்கள். மனுஷன் அதைக் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். எங்கள் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஒச்சாயி அம்மாவுக்கு ஒன்று புள்ளி ஒன்று! உசிலம்பட்டிப் பக்கத்துப் பொம்பளை, வயசு ஐம்பத்தெட்டு. இருபத்து மூணு பிள்ளைகளை மேய்க்கிற அம்மா அது. எந்தப் பிள்ளைக்கு எப்போ மூக்கு ஒழுகும் என்று முந்தின நாளே சொல்லும். அந்தம்மாவை முப்பது நாளுக்குள் மாற்றிவிட்டுப் பயிற்சி பெற்ற ஆளைப் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆர்டரைப் பற்றி யோசிப்போம் என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் இன்னொரு சேதி. 'ஐம்பது வயது கடந்த, அலுவலகப் பிரிவைச் சேர்ந்த ஆண் ஊழியர் ஒருவர் பாலூட்டும் அறையைத் தினமும் பயன்படுத்துவதாகத் தெரிவித்துள்ளார். இதை மரியாதையுடன் வரவேற்கிறோம்.' அலுவலகப் பிரிவில் ஐம்பது கடந்த ஆண் நான் ஒருவன்தான் மச்சான். முதலாளி என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கும் விளக்கம் இருக்கிறது. அந்த ரூமில் ஒரு பெஞ்சும் நல்ல ஃபேனும் உண்டு. ஒருத்தரும் வருவதில்லை. சாப்பிட்டதும் இருபது நிமிஷம் போய்த் தலையைச் சாய்ப்பேன். 'பாலூட்டும் அறையைப் பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்டது. பொய் சொல்லக் கூடாதென்று 'தினமும்' என்று போட்டேன். உண்மை பேசுகிறவனுக்கு இந்த உலகத்தில் இதுதான் கதி.

ஒச்சாயி அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? நான்தான் போனேன். காப்பகத்தில் தொட்டிலுக்கு மாட்டின சேலையை மடித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டது. "அப்ப என்னைய எங்கய்யா போடுவீக?" நூல் பிசிறு வெட்டுகிற டேபிளுக்கு மாற்றுவார்கள் என்றேன். "அது உக்காந்து பாக்குற வேலதானய்யா?" ஆமாம் என்றேன். "சரிய்யா, நல்லது" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தது பாருங்கள். முகத்தில் ஒரு பொட்டு வருத்தமில்லை. என்ன மனசு! இந்த அம்மாவைக் காப்பாற்றாமல் விடுவதில்லை என்று அங்கேயே சபதம் எடுத்தேன். எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் வேல்விழி வந்தாள் டைம் ஆபீசுக்கு. செக்கிங் டேபிள் பொண்ணு, அவளுக்கும் ஒச்சாயி அம்மா ஊருக்குப் பக்கத்து ஊர்தான். ரெண்டரை வயசு மகள் அந்தக் காப்பகத்தில்தான் இருக்கிறது. நான் சண்டைக்கு வருகிறாள் என்று ரிஜிஸ்டரைத் திறந்து மூஞ்சியை அதுக்குள்ள வெச்சுக்கிட்டேன். அவள் சத்தமே போடவில்லை. "ண்ணே, நாங்க எல்லாரும் ஒச்சாயம்மாவுக்கு ஒண்ணுதான போட்டோம்? முருகேஷ் சாருக்கு அஞ்சுதான போட்டோம்? அப்ப மார்க் அப்படியே தலகீழா வந்திருக்கு. கேள்வியில என்னமோ இருக்குண்ணே, மறுபடி காட்டுங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். முதல் பக்கத்தில், உச்சியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது: 1 மிக மோசம், 5 மிக நன்று. என் டிராயரில் இருந்த குறிப்பிலோ அதையே கொட்டை எழுத்தில் போட்டு அடிக்கோடும் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே என் கையெழுத்து. வேல்விழி அதைப் படித்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவால்லண்ணே, தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சுல்ல" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

முதலாளி பையருக்கு எழுதினார். இன்னும் ஒரே ஒரு தடவை, ரெண்டு நாள் மட்டும் திறந்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. நிர்வாகத்து ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது, யாரும் பதில் சொல்லிக்கொடுக்கக் கூடாது, விளக்குவது தொழிலாளியாக இருக்க வேண்டும் என்று மூணு நிபந்தனை. வேல்விழியைப் போட்டார்கள். மச்சான், அந்தப் பொண்ணு பத்தாவது முடிச்சுட்டு கம்பெனிக்கு வந்த பொண்ணுங்க. ஆனா அவ செஞ்ச வேலையைப் பார்த்தப்போ, நாமெல்லாம் ஒருத்தரை ஒரு கேள்வி கேக்கறதுக்கே லாயக்கில்லைன்னு தோணிப்போச்சு.

முதலில் மைக்கே வேண்டாம் என்றுவிட்டாள். டீ நேரத்தில் எட்டெட்டுப் பேராக உட்காரவைத்தாள். ஹிந்திக்காரப் பசங்களுக்குத் தனியாக அவர்களிலேயே ஒருத்தனைப் பழக்கினாள். போனைத் திறக்கும் முன்னால் சும்மா ரெண்டு கேள்வி. "லைன் வீட்டுல தண்ணி வராத நாளுக்கு எத்தன போடுவீங்க? மட்டன் பிரியாணிக்கு எத்தன போடுவீங்க?" பிரியாணிக்கு ஒண்ணு என்று எவராவது சொன்னால், ஆள் இன்னும் செக்கிங் டேபிளிலேயே நிற்கிறார் என்று அர்த்தம். அவருக்கு மறுபடி விளக்குவாள். கட்டிங் செக்‌ஷன் இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரன், பிரியாணிக்கு ரெண்டு என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் அப்போது தண்ணி கேன் பக்கத்தில் சும்மா நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். "ஏப்பா, தலைகீழாச் சொல்றயே, அஞ்சு போடுப்பா!" என்று கத்திவிட்டேன்.

வேல்விழி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "ஏன்ணே ரெண்டு?" என்று அவனிடம் கேட்டாள்.

"போன வாரம் மாமன் வீட்டு விசேஷத்துல தின்னேன்லா. கறியத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் வைக்கணும். உப்பும் இல்ல. அதுக்கு ரெண்டே சாஸ்தி."

"அப்ப சரிண்ணே. உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. போங்க" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ண்ணே, கேள்வி புரிஞ்சுச்சான்னு பாக்கத்தான் நாம இருக்கோம். பதில் அவருது. அதுல நமக்கென்ன வேல?"

"அதானே, எம் பிரியாணிக்கு நீரு யாருவே அண்ணாச்சி மார்க்குப் போட?" என்று இசக்கிமுத்து போகிறபோக்கில் ஒன்று போட்டுவிட்டுப் போனான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்தது, ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு, "இது என்ன கேக்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்பாள். அங்கேதான் மச்சான் எல்லாம் வெளியே வந்தது. 'கடந்த முப்பது நாட்களில் யாரேனும் தங்களிடம் உரத்த குரலில் பேசினார்களா?' இதற்கு மருதாள் போன தடவை 'தினமும்' என்று போட்டிருக்கிறாள். யார் பேசினார்கள் என்று வேல்விழி பேர் கேட்கவில்லை, எங்கே என்று மட்டும்தான் கேட்டாள்.

"எங்க ஊட்லதானுங்க. மாமியாருக்குக் காது கேக்காது, பாவம். அதுக்கு எல்லாரும் செவுடுன்னு நெனப்பு."

"இது கம்பெனிக்குள்ள நடக்குறதப் பத்தின கேள்விக்கா."

மருதாள் கொஞ்சம் யோசித்தாள். சுவரில் மாட்டியிருந்த முருகேஷின் சான்றிதழைப் பார்த்தாள். "கம்பெனிக்குள்ளயா? அப்பவும் தினமுந்தானுங்க, கண்ணு."

'மேற்பார்வையாளர் நேர்மையாகவும் அன்பாகவும் நடந்துகொள்கிறாரா' என்ற கேள்வியில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். "நேர்மைக்குக் கொறையில்லீங்க. அன்புக்கு எங்க போறது?" என்றாள் ஒருத்தி. ரெண்டையும் சேர்த்து ஒரு மார்க் எப்படிப் போடுவது? நானாக இருந்தால் நடுவிலே மூணு போட்டுட்டுப் போங்கம்மா என்றிருப்பேன். வேல்விழி அன்றைக்கே பையருக்கு எழுதவைத்தாள்: 'ஒரே கேள்வியில் ரெண்டு கேள்வி இருக்கிறது, பிரித்துக் கொடுங்கள்.' மறுநாள் காலையில் பிரித்து அனுப்பிவிட்டு, இதுவரை இப்படி யாரும் சொன்னதில்லை, நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். எட்டு நாட்டில் ஓடுகிற சர்வேயாம் மச்சான். எட்டு நாட்டிலும் எத்தனை என்னை மாதிரி மணியன்கள் மைக் பிடித்து, மூணு போடச் சொல்லியிருப்பார்களோ!

நடுவில் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன், அதையும் மறைக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாலு பெண்களிடம், "காப்பகத்துக் கேள்வி வந்தா கண்ணை மூடிட்டு அஞ்சைத் தொட்டுருங்க" என்று கிசுகிசுத்தேன். நல்ல எண்ணத்தில்தான். திரும்பினால் வேல்விழி. அவள் முகம் அப்படி ஆனதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "ண்ணே, எம் பிள்ளையும் அங்கதான் இருக்கு. ஒச்சாயம்மா போயிட்டா நாளைக்கு நான் டேபிள்ல நிக்க முடியாது. ஆனாலும் சொல்லிக்குடுத்து வாங்குன அஞ்சு எனக்கு வேணாம். நாளைக்கு முருகேஷ் சாரும் இப்படிச் சொல்லிக்குடுத்தா நாம என்ன கேக்க முடியும்?" என்றாள். நேராகக் கேட் பக்கம் போய் வாட்ச்மேனோடு நின்றுகொண்டேன். அவருக்கும் அன்றைக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை.

என் முறையும் வந்தது. டைம் ஆபீஸ் ஆளும் பதில் போட்டாக வேண்டுமல்லவா? பாலூட்டும் அறைக் கேள்வி. "இது என்ன கேக்குதுன்னு சொல்லுங்கண்ணே."

"அந்த ரூமுக்குப் போறியான்னு கேக்குது."

"எதுக்குப் போறீங்கன்னுண்ணே?"

சொன்னேன். எட்டுப் பேர் டேபிள், அதில் மருதாளும் உண்டு. இந்தச் சேதி கணியூருக்கு வண்டி ஏறினது அந்த நிமிஷம்தான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு ஒரு பொண்ணு, கைக்குழந்தைக்காரி, மெதுவாகச் சொன்னாள். "நாங்க அந்த ரூமுக்குப் போறதில்லீங்க சார். எப்பப் போனாலும் உள்ள யாரோ குறட்டை விடற சத்தம் கேக்கும். சரக்கு ரூமு பின்னாடி சேலையைப் பிடிச்சுட்டு நின்னுக்குவோம்." ஒருத்தரும் வராத ரூம் என்று நினைத்தேனே, வராமல் செய்ததே நான்தான். ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் இவ்வளவு வருமா! அன்றைக்குச் சாயங்காலமே என் தலகாணியை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஜெயசுதா, "இத்தனை நாளாத் தேடறேன், இது எங்க போச்சு?" என்று கேட்டாள். அது தனி வழக்கு.

போன திங்கட்கிழமை முடிவு வந்தது. முருகேஷுக்கு நேர்மையில் நாலு, அன்பில் ஒன்று புள்ளி இரண்டு. மனுஷன் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூணாவது நாள் லைனில் வந்து, "கொஞ்சம் சீக்கிரம் முடிங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னாராம். யாருக்கும் காதில் விழவில்லையாம். காப்பகத்துக்கு நாலு புள்ளி ஒன்பது! ஒச்சாயி அம்மாவை மாற்றவே கூடாது, ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பையர் எழுத்தில் கொடுத்துவிட்டார். லட்டோடு ஓடினேன். "அம்மா, நாலு புள்ளி ஒம்போது!" என்றேன்.

"அது நல்லதாய்யா, கெட்டதா?"

"ரொம்ப நல்லதும்மா. இனி உங்களை இந்த ரூமிலிருந்து ஒருத்தராலும் அசைக்க முடியாது!"

அந்தம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. ஆனந்தக் கண்ணீர் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன் மச்சான். வேல்விழிக்கும் கண் கலங்கிவிட்டது. முந்நூறு பேரைக் கேட்டு ஒரு மனுஷிக்கு நியாயம் வாங்கிக்கொடுத்த பொண்ணு, லட்டில் பாதியை மகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டது. அடுத்த தடவை பையரிடமிருந்து ஆள் வந்தால் அவளைத்தான் முன்னால் நிறுத்தப் போகிறோம். நான் பின்னால், தண்ணி கேனுக்கும் பின்னால் நிற்பேன்.

ஆகவே மச்சான், இனி யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், கேள்வியை முதலில் அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அமராவதி அக்காவுக்கு என் கும்பிடு. செவலை நல்லபடியாகக் கன்று போட்டால் சீம்பால் கொடுத்தனுப்பவும், அதை நான் குடிக்கத்தான் கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. உங்கள் வீட்டில் நெல்லும், எங்கள் வீட்டில் சமாதானமும் குறையாமல் இருக்க வேண்டுகிற,

தங்கள் தங்கை புருஷன்,
மணியன்

பின்குறிப்பு: இதைப் போட உறை எடுப்பதற்காக, ஆபீசிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த டிராயர்க் காகிதங்களைக் கிளறினேன். அடியில் ஒச்சாயி அம்மா கொடுத்த ஒரு மனு கிடந்தது. 'ஐயா, எனக்கு மூட்டு தேஞ்சுபோச்சு. பிள்ளைகள் பின்னாடி ஓட முடியல. தயவுசெய்து பிசிறு வெட்டுற டேபிளுக்கு மாத்தி விடவும்.' தேதி, முதல் சர்வேக்கு நாலு மாதம் முந்தி. மேலே என் கையெழுத்து: 'படித்துப் புரிந்துகொண்டேன்.'